கீபோர்டை மூடிவைத்துவிட்டு அப்பளத்தை உடையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சினிமாவுக்கான பின்னணி இசையையும் எஃபெக்ட்ஸையும் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேளுங்கள், எழுதுகிறேன் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: விஸ்காம் துறையில் பாடம் எடுக்கிறேன். இந்த ஆண்டு 22 மாணவர்கள். ஒலி வகுப்பு என்றாலே எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து கீபோர்டில் ஒரு பேட் (pad) சவுண்டை, அதாவது நீளமாக இழுத்துக்கொண்டே நிற்கும் ஒலியை, அழுத்திப் படம் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி)

அந்தக் கீபோர்டை ஒரு மாதத்துக்கு மூடிவைக்கச் சொல்லுங்கள் சார், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேட் என்பது அழுத்தினால் போதும், பனிமூட்டம் மாதிரி வந்து காட்சி முழுக்க உட்கார்ந்துகொள்ளும், போட்டவருக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட திருப்தி, பார்க்கிறவருக்கு எந்த இடமும் எந்த இடத்திலிருந்தும் வித்தியாசமாகத் தெரியாது. எஃபெக்ட்ஸ் முதலில், இசை அப்புறம். இந்த வரிசையை மாற்றி ஒரு வருடம் நடத்திப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

பிரான்ஸில் மிஷெல் ஷியோன் என்று ஒருவர், இசையமைப்பாளர், சினிமா ஒலியைப் பற்றி நிறைய எழுதியவர். அவர் சொல்லும் பயிற்சி ரொம்ப எளிது. ஒரே காட்சியைப் பல தடவை பாருங்கள்: ஒரு தடவை முழுசாக, ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தடவை திரையை மறைத்துவிட்டுச் சத்தம் மட்டும். முதல் நாள் இது ஒன்று போதும். திரையை மறைத்தால்தான் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியில் காக்கா கத்தியதே தெரியவரும்.

இரண்டாவது நாளிலிருந்து வேலை. என் வகுப்பில் போனில் எடுத்த ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தம் இல்லாமல் கொடுப்பேன். ஒரு பெண் இரவில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார், பூட்டைத் திறக்கிறார், செருப்பைக் கழற்றுகிறார், பையை வைக்கிறார், சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறார், நடுவில் போன் வருகிறது, பேசாமல் கேட்கிறார், டம்ளரைத் தரையில் வைக்கிறார். அவ்வளவுதான். இதில் என்னென்ன சத்தம் என்று எழுதச் சொன்னால் முதலில் ஏழோ எட்டோ எழுதுவார்கள். மூன்றாவது முறை பார்க்கும்போது முப்பதைத் தொடும். கொத்தில் சாவியைத் தேடுவது, தாழ்ப்பாள், வளையல், புடவை உரசுவது, சுவிட்ச், டியூப்லைட் இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிவது, தெருநாய், பக்கத்து வீட்டு டிவி. அந்த டிவியில் சீரியல் ஓடுகிறதா செய்தி ஓடுகிறதா என்று ஒரு பையன் கேட்டான் பாருங்கள், அவன் அன்றைக்கே தேறிவிட்டான். மணி என்ன என்பதை அதுதானே சொல்லப்போகிறது.

அப்புறம் அந்த முப்பதையும் கையால் செய்ய வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டே காலடியையும் உரசலையும் நடித்துப் பதிவுசெய்யும் இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். யுனிவர்சல் ஸ்டூடியோவில் இருந்த ஜாக் ஃபோலியின் பெயர்தான் அது. 1929இல் வந்த 'ஷோ போட்' படத்தை மௌனப் படமாக எடுத்து முடித்துவிட்டு அப்புறம் சத்தம் சேர்க்க வேண்டி வந்தபோது தொடங்கிய வேலை. குதிரைக் குளம்புக்குத் தேங்காய் ஓடு, பனியில் நடக்க ஒரு பை நிறையச் சோளமாவு, எலும்பு முறிய செலரித் தண்டு என்று அங்கே ஒரு மரபு உண்டு. நமக்கு செலரி எதற்கு? முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி முறித்துப் பாருங்கள், கூசும். காய்ந்த வாழைச்சருகு இருந்தால் காடு கிடைத்துவிடும். முறத்தில் கடுகைப் போட்டு மெல்லச் சாய்த்தால் கடலலை, அதையே வேகமாகக் குலுக்கினால் ஓட்டு வீட்டு மழை. அப்பளத்துக்கு ஆயிரம் உபயோகம்.

அந்தக் காட்சியில் கடைசியாக டம்ளர் வைக்கும் சத்தம் இருக்கிறதே, அதை ஒரு மாணவி பதினோரு முறை எடுத்தார். எவர்சில்வர் டம்ளர், மொசைக் தரை. காலி டம்ளரை வைத்தால் 'ணங்' என்று ரீங்காரம் வருகிறது, பாதித் தண்ணீரோடு வைத்தால் ரீங்காரம் அடங்கி 'தொக்' என்று விழுகிறது. படத்தில் அந்தப் பெண் முழுசாகக் குடித்தாரா இல்லையா என்பது தெரியாது. ணங் போட்டால் போனில் வந்த சேதிக்குக் கோபப்படுகிறார், தொக் போட்டால் மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார். எது என்று படம் எடுத்த பையனிடம் கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள், நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தொக் என்று முடிவாகியிருந்தது, அந்த இடத்தில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த வயலினை அந்த மாணவியே எடுத்துவிட்டிருந்தார். வயலின் வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேள்வி: எனக்கு நொட்டேஷன் தெரியாது, ராகமும் தெரியாது. ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், பின்னணி இசை) செய்ய முடியுமா? (மாணவர், மதுரை)

முடியும் தம்பி, ஆனால் கணக்கு தெரிய வேண்டும். ராகம் மெல்ல வரும், இந்தக் கணக்கை இன்றைக்கே கற்றுக்கொள்ளலாம்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். டெம்போ என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. டெம்போ 60 என்றால் ஒரு தட்டுக்கு 24 ஃபிரேம், 120 என்றால் 12. இதை மனப்பாடம் செய்துகொள். இப்போது உன் இசை தொடங்கி பத்தரை விநாடியில் கதவு திறக்கிறது, அந்த இடத்தில் ஒரு சுற்றின் முதல் தட்டு விழ வேண்டும் என்று வை. டெம்போ 80 போட்டால் ஒரு தட்டு முக்கால் விநாடி, பத்தரை விநாடிக்குள் 14 தட்டு முடிந்து 15ஆவது தட்டில் கதவு திறக்கும். நாலு நாலாக எண்ணினால் அது நாலாவது சுற்றின் மூன்றாவது தட்டு, அந்தரத்தில் நிற்கும். பதிலாக அந்தப் பத்தரை விநாடியில் சரியாக 16 தட்டு அடங்கும்படி வைத்தால் டெம்போ 91.43. கதவு திறக்கும்போது புதுச் சுற்று தொடங்கும். ஆறாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஏதாவது மென்பொருள் வாங்கலாமா என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறாய். வேண்டாம், போனில் கால்குலேட்டர் இருக்கிறது.

உங்கள் ஊரில் மிருதங்கம் வாசிப்பவர் யாராவது இருந்தால் போய் உட்கார். தனி ஆவர்த்தனத்தில் கோர்வையை எங்கிருந்தோ எடுத்து எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்கும் இடத்துக்கு, சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பார். மேலே சொன்ன 16 தட்டு என்பது ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், எட்டுத் தட்டுச் சுற்று இரண்டு. அவர் பாட்டின் எடுப்பில் இறங்குகிறார், நீ கதவில் இறங்குகிறாய்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு வந்துவிட்ட குஷியில் ஷாட் மாறும் ஒவ்வொரு கட்டுக்கும் (cut) ஒரு அடி போட்டுவிடாதே. கார்ட்டூன் ஆகிவிடும்.

கேள்வி: என் மகன் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிறான், அப்பளத்தை நொறுக்குகிறான், கேட்டால் ப்ராஜெக்ட் என்கிறான். இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா? (இல்லத்தரசி, கோவை)

பதினோரு மணிக்குக் காரணம் இருக்கிறதம்மா. ரோட்டில் வண்டி குறைந்திருக்கும். ஃப்ரிட்ஜையும் அணைத்திருப்பான். காலையில் திரும்பப் போட்டானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பால் கெட்டுப்போய்விடும், எங்கள் வீட்டில் ஆகியிருக்கிறது.

வேலை இருக்கிறது. நம்மூர்ப் படங்களில் பெரும்பாலும் வசனத்தை அப்புறம் டப்பிங்கில்தான் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது படப்பிடிப்பில் பதிவான மற்றச் சத்தங்களும் போய்விடும், கொலுசிலிருந்து கதவு வரை எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். படிக்க வேண்டுமென்றால் தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியிலும், புனே திரைப்படக் கல்லூரியிலும், கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் ஒலிக்கென்று தனிப் படிப்பே இருக்கிறது. ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான். ஆனால் மாதச் சம்பளம் மாதிரி ஒழுங்காக வருமா என்று கேட்டால், வராது. வேலை வந்தால் தூக்கம் இருக்காது, வராவிட்டால் தூக்கம் மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு போகட்டும். அப்பளத்துக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வது? (குறும்பட இயக்குநர், புதுச்சேரி)

எடிட்டிங் முடிந்து இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று ஆன பிறகு, இயக்குநரும் இசையமைப்பாளரும் எஃபெக்ட்ஸ் ஆளும் ஒன்றாக உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த மூன்று பேரையும் தனித்தனியாக வேலை பார்க்கவிட்டால் ஒரே இடத்தில் இடி, மத்தளம், அலறல் மூன்றும் வந்து நிற்கும், எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் யாராவது ஒருவர் அழுதுகொண்டு போவார்.

மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒரே விதி, இசை தொடங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும், அதில் 'சோகம்', 'சந்தோஷம்', 'பயம்' என்ற சொற்கள் வரக் கூடாது. 'அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது' என்று எழுதலாம். அப்படி எழுத வராத இடத்தில் இசை கிடையாது. பன்னிரண்டு இடம் குறித்துக்கொண்டு வந்தவர்கள் நாலைந்தோடு நிற்பார்கள்.

எப்படி நுழைவது என்பதும் இருக்கிறது. அழுகை வந்த அதே நொடியில் வயலின் வந்தால் இப்போது அழு என்று தலையில் தட்டுகிற மாதிரி ஆகும். கொஞ்சம் தள்ளி வாருங்கள், அல்லது வேறு சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து வாருங்கள். போன வருடம் ஒரு பையன் குக்கர் விசில் என்ன சுருதியில் கூவுகிறது என்று கண்டுபிடித்து அதே சுருதியில் புல்லாங்குழலைத் தொடங்கினான். விசில் அடங்குகிறது, குழல் நிற்கிறது, எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இரண்டு தடவை பார்த்தும் பிடிக்கவில்லை.

பார்க்க வேண்டிய படங்கள் என்று கேட்டால், 1987இல் வந்த 'பேசும் படம்'. வசனமே கிடையாது, எல்.வைத்தியநாதனின் இசையும் சுற்றுப்புறச் சத்தமும் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்று பேப்பரும் பேனாவுமாகப் பாருங்கள். 1954இல் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்'. அப்புறம் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்', 1963. வழக்கமான பின்னணி இசை கிடையாது, பறவைச் சத்தங்களில் பலவற்றை ட்ராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கினார்கள், அதை மேற்பார்வை பார்த்தவர் பெர்னார்ட் ஹெர்மன் என்ற இசையமைப்பாளர். இதே ஹெர்மனிடம் மூன்று வருடம் முன்னால் 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்தார், ஹெர்மன் கேட்காமல் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிக் காட்டினார், கேட்டதும் ஹிட்ச்காக் சரி என்றுவிட்டார். ஆக நான் சொல்லும் விதியையும் மீறலாம். எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பத்துப் பேர் நடந்து வரும் காட்சி. பத்துப் பேருக்கும் காலடி பொருத்தணுமா? (மாணவி, ஈரோடு)

வேண்டாம்மா. ஹாலிவுட்டின் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் 1971இல் வந்த ஒரு படத்துக்கு ரோபோ போலீஸ்காரர்களின் காலடி போட்டபோது கண்டுபிடித்த விஷயம் இது. ஒருவர் நடந்தால் ஒவ்வொரு அடியும் பொருந்த வேண்டும், இரண்டு பேர் என்றாலும் பொருந்த வேண்டும், மூன்று பேர் ஆகிவிட்டால் எந்தக் காலடியை எங்கே போட்டாலும் கண் ஒப்புக்கொள்கிறது. முன்னால் வரும் ஒருவரின் செருப்பை மட்டும் ஒழுங்காகப் பொருத்து, மிச்சம் கூட்டம்.

கேள்வி: வணக்கம் அண்ணை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊரிலேயே குறும்படம் செய்கிறோம். சத்தமெல்லாம் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம்தானே? (யாழ்ப்பாணம்)

எடுக்கலாம். பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளம் நல்லது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உரிமம் என்ன என்று பாருங்கள்: சிலவற்றை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பதிவுசெய்தவர் பெயரைப் போட வேண்டும், சிலவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. போட்டிக்கு அனுப்பும்போது இதில்தான் மாட்டுவீர்கள்.

ஆனால் கதவு, கண்ணாடி, கார் வரைக்கும்தான் அங்கே எடுக்க வேண்டும், ஆம்பியன்ஸை, அதாவது இடத்தின் சுற்றுப்புறச் சத்தத்தை, எடுக்காதீர்கள். ஹாலிவுட்டில் எந்தக் கழுகு பறந்தாலும் பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரலைத்தான் வைப்பார்கள், அது அப்படியே இறக்குமதியாகி நம்மூர்க் கிராமத்து வானத்திலும் கத்திக்கொண்டிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் படத்திலிருந்து மனசு வெளியே வந்துவிடும். உங்கள் ஊரில் பனங்கூடல் இருக்கிறதே, காற்றடித்தால் காய்ந்த பனையோலை ஒன்றோடொன்று உரசும் அந்தச் சரசரப்பு தென்னையில் வராது. விடியற்காலையில் அங்கே போய்ப் போனை ஒரு துணிமேல் வைத்துவிட்டு இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். செம்போத்து கூப்பிட்டால் அதிர்ஷ்டம். வீட்டுக்குள் எடுக்கும் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லி அந்த அறையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வசனத்துக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைக்க அதைவிட்டால் வேறு வழி இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யப்போகிறோம். என்ன செலவாகும்? (ஆசிரியர், தருமபுரி)

கிட்டத்தட்ட எதுவும் ஆகாது. ஒரு போன், ஒரு ஹெட்ஃபோன், இரண்டு கம்பளிப் போர்வை. போர்வைகளைக் கொடியில் போட்டு நடுவில் நின்று பதிவுசெய்தால் எதிரொலி பாதி போய்விடும். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே படத்தைப் பார்த்துக்கொண்டு ஒலி சேர்க்கும் பகுதி இருக்கிறது, ஆனால் அதற்குக் கொஞ்சம் தெம்பான கணினி வேண்டும். பதிவின் செட்டிங்கில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், எம்பி3 வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பு என்பதால் ஒன்று சொல்கிறேன், பிசிக்ஸ் டீச்சரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் 14 மீட்டர்தான். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு பையனை நிறுத்திக் கை தட்டச் சொல்லிப் போனில் வீடியோ எடுங்கள். கை சேர்வது ஒரு இடத்தில் இருக்கும், சத்தம் அப்புறம் வரும். எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் தூரம் கிடைத்துவிடும், ஆனால் உங்கள் போன் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 11 மீட்டர் சொச்சம். பெரிய தியேட்டரில் கடைசி வரிசையில் உட்காருகிறவர் தினமும் இந்தத் தாமதத்தோடுதான் படம் பார்க்கிறார்.

கேள்வி: இயக்குநர் ஒரு பெரிய படத்தின் பின்னணி இசையை எடிட்டிங்கிலேயே வைத்துக்கொண்டு 'இதே மாதிரி வேண்டும்' என்கிறார். என்ன செய்ய? (சென்னை)

எனக்கும் நடந்திருக்கிறது. மூன்று மாதம் ஒரு இசையைக் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டால் அப்புறம் தேவாமிர்தம் கொடுத்தாலும் பிடிக்காது. நான் இளைஞனாக இருந்தபோது அதே மாதிரியே போட்டுக்கொடுத்தேன், கடைசியில் 'என்னங்க, அந்தப் படத்து மியூசிக் மாதிரி இருக்கே' என்று அவரே கேட்டார்.

இப்போது நான் மாணவர்களுக்குச் சொல்வது, இசையைப் பற்றிப் பேசாதீர்கள், அதில் உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் வேகமாக இருக்கும், அல்லது அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதாக இருக்கும். டெம்போவையும் நிற்கும் இடத்தையும் எடுத்துக்கொண்டு மெட்டையும் கருவியையும் விட்டுவிடுங்கள். அடுத்த படத்திலிருந்து எடிட்டிங் தொடங்கும் முன்பே நீங்கள் போட்ட ஏதாவது நாலு துண்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பழகுவதானால் உங்களுடையதைப் பழகட்டும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த சத்தம் எது? (தஞ்சாவூர்)

கரண்ட் போனதும் வரும் சத்தம். ஃபேன் வேகம் குறைந்து டொக் டொக் என்று நிற்பதற்குள் ஃப்ரிட்ஜ் அடங்கும், பக்கத்து வீட்டு டிவி பாதி வசனத்தில் நிற்கும், அதுவரை இருந்ததே தெரியாத ஒரு மோட்டார் எங்கோ நிற்கும், அப்புறம் யாராவது ஒரு குழந்தை 'ஏய்ய்ய்' என்று கத்தும். நாமே மெயினை அணைத்தால் அது வராது, தெருவே ஒரே நேரத்தில் அடங்க வேண்டும். மூன்று வருடமாகப் பதிவுசெய்யப் பார்க்கிறேன். போன் கையில் தயாராக இருக்கும் நாளில் கரண்ட் போவதில்லை.